எடை ஏறவில்லை என்று நோயாளியை வெளியே அனுப்பாதீர்கள்

உணவுக் கோளாறு சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

உங்கள் பிரிவில் அண்மையில் இரண்டு விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் பிஎம்ஐ எண், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பவர்களை இனி சேர்ப்பதில்லை, காத்திருப்போர் பட்டியலில்கூட அவர்கள் பெயர் ஏறாது என்பது முதல் விதி. உள்ளே இருப்பவர்கள் தொடர்ந்து இரண்டு வாரம் எடை இலக்கை எட்டாவிட்டால், 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்யப்படுவார்கள் என்பது அடுத்த விதி. இதற்குச் சம்மதம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்குகிறீர்கள். இரண்டையும் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் உங்கள் வார்டில் இருந்தவள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் அனோரெக்சியாவோடு வந்து சேர்ந்தேன். பிறகு அது, அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு வெளியேற்றும் புலிமியாவாக மாறி, பார்ப்பவர்களுக்கு எந்த நோயும் தெரியாத உடம்போடு சில வருடங்கள் கழிந்தன. இப்போது, இந்த நோயிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கூடிப் பேசும் சின்னக் குழு ஒன்றில் இருக்கிறேன். விதிகளைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தனியாக எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்தது. பரிசீலனை நடக்கட்டும். ஆனால் விதி அதுவரை காத்திருக்கவில்லை, ஆட்கள் வெளியே போய்க்கொண்டேயிருக்கிறார்கள். அதனால் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதவேண்டியதாகிவிட்டது.

இந்த மடலில் யாருடைய எடையும், பிஎம்ஐயும், கலோரிக் கணக்கும் இருக்காது. இதைப் படிப்பவர்களில் நோயோடு இருப்பவர்களும் இருப்பார்கள். ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் அதைவிடக் கீழே போகவேண்டும் என்று தோன்றுவது இந்த நோயின் குணம். உங்கள் அறிவிப்புப் பலகையில் அந்த பிஎம்ஐ எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டியபோது இதை யாராவது யோசித்தார்களா என்று தெரியவில்லை.

சரி, சாப்பாட்டு மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் விதி அங்கேதான் தவறிப்போகிறது.

மேசையில் அரை மணி நேரம் தருவீர்கள். எதிர்ச்சுவரில் கடிகாரம். தட்டு வந்து விழுந்த நொடியிலேயே எனக்குள் கணக்கு தொடங்கிவிடும். நேற்றைவிட இது அதிகமா, பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் குறைவாக வைத்தார்கள், இதை முழுக்கச் சாப்பிட்டால் நாளைக் காலை தராசு என்ன சொல்லும். பசி இல்லாமல் இல்லை. வயிறு எரியும். ராத்திரி கனவில்கூடச் சாப்பாடுதான் வரும். ஆனாலும் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால், செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டதுபோல நெஞ்சு படபடக்கும். பாதித் தட்டில் கை நின்றுவிடும். நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அழுததும் குறைவு. தலையைக் குனிந்துகொண்டு, மேசை விரிப்பின் கோடுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அரை மணி முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய், 'உணவை மறுத்தார், பிடிவாதம்' என்று குறித்துவைப்பார்கள். அந்தக் குறிப்புகள் ஒன்றுசேர்ந்துதான் கடைசியில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஆகின்றன.

பட்டினி கிடக்கும் மூளை எப்படி நடந்துகொள்ளும் என்பதை உங்கள் துறை எப்போதோ பார்த்துவிட்டது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடம்பும் மனமும் நன்றாக இருக்கின்றன என்று பரிசோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. போகப் போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைக் கிளறிக் கிளறி, ஒரு வேளைச் சாப்பாட்டை வெகுநேரம் இழுத்தார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். எதற்கெடுத்தாலும் எரிச்சல், சோர்வு. மறுபடி நிறையச் சாப்பாடு கிடைத்தபோது சிலர் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். மனம் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடவும் இல்லை. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கு அந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது.

அப்படியிருக்க, சாப்பிட முடியாமல் போவதுதான் நோய் என்று வந்தவரிடம், முதலில் சாப்பிட்டுக் காட்டு, அப்புறம் சிகிச்சை என்கிறீர்கள். காய்ச்சல்காரரை, இரண்டு வாரமாகியும் உங்களுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, நீங்கள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி எந்த வார்டிலிருந்தும் அனுப்பமாட்டார்கள். மருந்தை மாற்றிப் பார்ப்பார்கள்.

எடை இலக்கு என்று ஒன்று வைப்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. எடை ஏறாமல் அனோரெக்சியா குணமாகாது என்பது எனக்கும் தெரியும். என் தலையில் தெளிவு வந்ததும் உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான். ஆனால் வாரத்துக்கு வாரம் நேர்கோடாக ஏறுவதற்கு உடம்பு படிக்கட்டு இல்லை. சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே நீர் கோத்துக் கால் வீங்கும், எடை சட்டென்று ஏறும். அந்த நீர் வடிந்தால், ஒழுங்காகச் சாப்பிட்ட வாரத்திலேயே எடை குறையும். மலச்சிக்கலும், மெதுவாகக் காலியாகும் இரைப்பையும் தராசில் ஆட்டம் காட்டும். உடம்பு தேற ஆரம்பித்ததும் அது செலவழிக்கும் சக்தியும் கூடிவிடுவதால், போன மாதம் எடை ஏற்றிய அதே அளவு உணவு இந்த மாதம் ஏற்றாது. தவிர, நீண்ட பட்டினிக்குப் பிறகு அவசரமாக உணவைக் கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு நிதானமாகத்தான் ஏற்றவேண்டியிருக்கும். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் டயட்டீஷியன்தான் எனக்கே சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருக்குத் தெரிந்தது உங்கள் விதிக்குத் தெரியவில்லை.

விதிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. இலக்கை எட்டாவிட்டால் வெளியே என்றால், தராசை ஏமாற்றத்தான் தோன்றும். எப்படி என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவி, ஒரே வாரத்தில் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வழிகளை இங்கே எழுதமாட்டேன், உங்கள் நர்ஸ்களைக் கேட்டால் சொல்வார்கள். அவற்றில் ஒன்று ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோய்விடும். நேர்மையாக 'இந்த வாரம் முடியவில்லை' என்று சொல்பவர் வெளியே போவார். பொய்யாக எடை காட்டியவர் உள்ளே இருப்பார், அதுவும் நோய் முற்றிக்கொண்டே. எந்த மருத்துவருக்கு இப்படி ஒரு வார்டு வேண்டும்?

எடை பார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தராசு நடைவழியில் இருக்கிறது. வரிசையில் நிற்கவேண்டும். ஏறினதும் நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். பின்னால் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். அன்றைய காலைச் சாப்பாடு அந்த வரிசையிலேயே முடிந்துவிடும். யாருடையது யாருடையதைவிடக் குறைவு என்று தெரிந்தபின் யாருக்கு வாய் திறக்கும்? ஒரு தடுப்புத் திரையும், எண்ணை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் போதும். இதற்குப் பணம்கூட வேண்டாம்.

கண்டிப்பாக இருந்தால்தான் எடை ஏறும் என்று ஒரு நம்பிக்கை வார்டுகளில் நெடுநாளாக இருக்கிறது. ஒரு காலத்தில் பல மருத்துவமனைகளில், சேர்ந்ததும் புத்தகம், தொலைபேசி, பார்க்க வருபவர்கள் என்று எல்லாவற்றையும் பறித்துவிட்டு, எடை ஏற ஏற ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவார்கள். அந்த முறையை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1984இல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீஃபன் டூயஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், கறாரான திட்டத்தில் இருந்தவர்களையும் தளர்வான திட்டத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு, பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். எடை ஏறியதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. தளர்வான திட்டத்தை நோயாளிகள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள், நர்ஸ்களின் நேரமும் மிச்சமாயிற்று. 1984! நான் பிறப்பதற்கு முன்னால் கிடைத்துவிட்ட பதில் இது. நீங்கள் இன்று கொண்டுவந்திருக்கும் விதியோ அதற்கும் முந்தைய காலத்தைச் சேர்ந்தது.

இனி பிஎம்ஐ. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற வானியலாளர், ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதர் எப்படியிருப்பார் என்று அறிய உருவாக்கிய கணக்கு அது. அவர் மருத்துவர் இல்லை, நோயாளி யாரையும் அவர் மனதில் வைத்திருக்கவில்லை. அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரவலாக்கியது 1972இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? அதே ஆன்செல் கீஸ். பட்டினி மனதை என்ன செய்யும் என்று காட்டியவர் பெயரிட்ட எண்ணை வைத்துத்தான், மனம் அப்படியாகிப்போன ஆட்களை நீங்கள் வாசலில் நிறுத்துகிறீர்கள்.

எங்கள் குழுவுக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பருமனான உடம்பு. ஒரு கட்டத்தில் சாப்பாட்டை வேகமாகக் குறைத்தார், எடை மளமளவென்று இறங்கியது. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். மருத்துவர்கள்கூட. மாதவிடாய் நின்றது, முடி கொட்டியது, எழுந்து நின்றால் கண் இருட்டியது, நாடித்துடிப்பு மிகவும் இறங்கியிருந்தது. உங்கள் வாசலுக்கு வந்தார். பிஎம்ஐ உங்கள் எல்லைக்கு மேலே இருந்ததால் 'நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய் அவர் செய்தது, உங்கள் எல்லைக்குக் கீழே இறங்க முயன்றது. சிகிச்சை வேண்டுமென்றால் இன்னும் மெலிந்து வா என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. வேறு எப்படி விழும்?

இப்படிப்பட்டவர்களுக்கு உங்கள் புத்தகங்களில் பெயர் உண்டு. மனநோய்களை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தபோது, அனோரெக்சியாவின் மற்ற எல்லா அடையாளங்களும் இருந்து எடை மட்டும் குறைவாக இல்லாத நிலையை அது தனியாகக் குறிப்பிட்டது. அதே பதிப்பில்தான் பிஞ்ச் ஈட்டிங், அதாவது கட்டுப்பாடு கைவிட்டுப்போய் அளவு மீறிச் சாப்பிடும் கோளாறும் தனி நோயாக இடம்பெற்றது. புலிமியாவை லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979லேயே விவரித்துவிட்டார். புலிமியா உள்ளவர்கள் பெரும்பாலும் மெலிந்திருப்பதில்லை. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து எந்த எடையிலும் இதயம் தாளம் தப்பலாம். இதை எடை பார்க்கும் தராசு சொல்லாது, ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும்தான் சொல்லும். பல சமயம் அவையும் சரியாக இருப்பதாகவே காட்டும், ஆள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருப்பார்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. சிகிச்சை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய பிஎம்ஐ, நோயின் கால அளவு போன்ற ஒற்றை அளவுகோலைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் பரிந்துரை. எந்த நாட்டு மருத்துவருக்கும் பொருந்துகிற பேச்சு இது.

பிஞ்ச் ஈட்டிங் உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் கையில் எல்லோரும் ஒரு டயட் தாளைத் திணிக்கிறார்கள். நாள் முழுக்கக் கட்டுப்பாடு, ராத்திரி உடைப்பு, மறுநாள் வெட்கத்தில் இன்னும் கடுமையான கட்டுப்பாடு என்று சுழலில் சிக்கியவருக்கு மேலும் கட்டுப்பாட்டைப் பரிந்துரைப்பது சுழலைத்தான் வேகமாக்கும்.

ஒரே திட்டம் எல்லோருக்கும் என்பது எவ்வளவு தூரம் ஒத்துவராது என்பதற்கு என் வார்டு நாட்களே போதும். எதிர்ப் படுக்கையில் ஆட்டிசம் உள்ள ஓர் இளம்பெண் இருந்தார். இரண்டு உணவு ஒன்றோடொன்று ஒட்டினால் அவரால் தொட முடியாது. சாப்பாட்டுக் கூடத்தின் குழல்விளக்கு இரைச்சலே அவருக்குத் தாங்காது. அவர் உடம்பைப் பற்றிய கவலையே இல்லாதவர். ஆனால் உடல் தோற்றம் பற்றிய குழுப் பயிற்சியில் அவரையும் உட்காரவைத்தார்கள். பிரித்துவைத்த தட்டும் அமைதியான மூலையும் கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இன்னொருவருக்கு டைப் 1 நீரிழிவு. அவருடைய உணவுக் கோளாறு இன்சுலின் போட்டுக்கொள்வதிலும் புகுந்திருந்தது. சர்க்கரை மருத்துவர் ஒரு பக்கம், மனநல மருத்துவர் ஒரு பக்கம், இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நடுவயது ஆண் ஒருவர் வந்திருந்தார். இது பெண்பிள்ளைகளுக்கு வருவது என்று பல மருத்துவர்கள் அவரை நம்பாமல் அனுப்பி, கடைசியில் வந்து சேர்ந்தவர். எங்கள் எல்லோருக்கும் ஒரே அட்டவணை, ஒரே கையேடு. கையேட்டின் அட்டையில் ஒரு மெல்லிய இளம்பெண்ணின் படம்.

சிகிச்சை முறைகளிலும் தேர்வுக்கு இடம் இருக்கிறது. வளரிளம் பருவத்தினருக்கு, பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் குடும்ப வழிச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் உண்டு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது அது. எங்கள் குழுவில் அதனால் பிள்ளையை மீட்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மா அப்பாக்களின் பொறுமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாக இருக்கும் பிள்ளையை, வீட்டில் அடி விழும் பிள்ளையை, அதே வீட்டாரின் கையில் கரண்டியைக் கொடுத்து ஒப்படைக்க முடியாது. முதலில் கேட்கவேண்டும். அதுவும் தனியாகக் கூப்பிட்டு. பெரியவர்களுக்கான அனோரெக்சியா சிகிச்சையில், பேச்சுவழிச் சிகிச்சைகள் பலவற்றை ஒப்பிட்டும் இதுதான் எல்லோருக்கும் சிறந்தது என்று ஒன்று தெளிவாக வெல்லவில்லை. அப்படியென்றால் எதனோடு அவரால் ஒட்டிப்போக முடியும், எந்தச் சிகிச்சையாளரிடம் அவர் வாய் திறக்கிறார் என்று பார்ப்பதுதானே முறை? 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டுபிடித்தது. மனநோய்களோடு மட்டுமல்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இதற்கு உறவு உண்டு என்று காட்டியது. இதையும் படித்துவிட்டு 'மனதிருந்தால் சாப்பிடலாம்' என்று யாராவது சொன்னால் அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியாமலில்லை. படுக்கைகள் குறைவு, வெளியே காத்திருப்பவர்கள் அதிகம். நர்ஸ்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். ஒருவருக்கு மாதக்கணக்கில் இடம் கொடுத்தும் பயனில்லை என்று தோன்றும்போது, அந்த இடத்தில் இன்னொருவரைக் காப்பாற்றலாமே என்ற எண்ணம் வருவது மனிதத்தனம்தான். சில சமயம் நோயாளியின் விருப்பத்தை மீறி உணவு செலுத்தித்தான் உயிரைக் காக்கமுடியும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அன்பாக நடத்துங்கள் என்று நான் கேட்பதை, நோயாளி சொன்னபடி விட்டுவிடுங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நோய் கேட்டதையெல்லாம் கொடுத்தால் நான் இன்று இல்லை.

எனக்கு முதன்முதலில் தட்டு காலியான நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அன்றைக்கு மேசையில் இருந்த சிஸ்டர் கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கையில் குறிப்பேடு இல்லை. "சாப்பிட்டாகணும்மா, அதுல மாத்தமில்ல. நீ பயப்படுறேன்னு எனக்குத் தெரியுது. எதை முதல்ல தொடலாம்னு நீயே சொல்லு" என்றார். நான் பதில் சொல்ல வெகுநேரமாயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை, பேச்சை மாற்றிச் சிரிக்கவைக்கவும் முயலவில்லை. நான் ஒன்றைக் காட்டினேன். சரி என்றார். நடுவில் நான் நிறுத்தியபோது, "இப்ப உள்ளுக்குள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டார். அதற்கு முன்னால் அந்த மேசையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுப்பும் சொல்லவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. "சரி, அது சொல்லிக்கிட்டே இருக்கட்டும், நாம அடுத்த வாய்க்குப் போவோம்" என்றார். அவரிடம் இருந்த உறுதி உங்கள் விதியில் இருப்பதைவிட அதிகம். ஆனால் அவர்மேல் எனக்குப் பயம் இல்லை. உங்கள் இரண்டு வார விதி அப்போது இருந்திருந்தால் அந்த நாள் வருவதற்கு முன்பே நான் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பேன்.

டிஸ்சார்ஜ் என்றால் என்ன என்றும் பேசவேண்டும். உங்கள் கணக்கில் ஒரு படுக்கை காலி, அவ்வளவுதான். மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமான நோய்களில் அனோரெக்சியா ஒன்று. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அதே வயது மக்களோடு ஒப்பிட்டால் இறப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு என்று கண்டார்கள். இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். வார்டிலிருந்து வெளியே வந்த புதிதில் மறுபடி சரிவது எவ்வளவு எளிது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒருவர் கையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிய தாளைக் கொடுத்து, அடுத்து எங்கே போவது என்று சொல்லாமல் அனுப்புகிறீர்கள். நீ சிகிச்சைக்குக்கூட லாயக்கில்லை என்று அவருடைய நோய் தினமும் அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதுதான். இப்போது அதில் மருத்துவமனை முத்திரையும் விழுந்துவிட்டது.

நெடுநாள் நோயாளிகள் இனித் தேறமாட்டார்கள் என்ற முணுமுணுப்பும் உங்கள் நடைவழிகளில் என் காதில் விழுந்ததுண்டு. பாஸ்டனில் அனோரெக்சியாவும் புலிமியாவும் உள்ள பெண்களை 20 வருடங்களுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஒன்பதாம் வருடத்தில் பார்த்தபோது அனோரெக்சியா உள்ளவர்களில் குணமானவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே. 22ஆம் வருட வாக்கில் மறுபடி பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இடையில் கைவிடப்பட்டிருந்தால் அந்தக் கணக்கு எப்படி ஆகியிருக்கும்? பத்து வருடம் ஆனவர்களைப் பற்றியே இப்படியென்றால், இரண்டு வாரத்தில் முடிவு கட்டுவதை என்னவென்று சொல்ல!

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

இரண்டு விதிகளையும் உடனே நிறுத்திவையுங்கள். சேரும்போது வாங்கும் அந்தக் கையெழுத்தையும் நிறுத்துங்கள். மூளை பட்டினியில் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

சேர்ப்பதை முழுப் பரிசோதனையின் பேரில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு வேகமாக எடை இறங்கியது, நாடித்துடிப்பு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் உப்புகளின் அளவு, வெளியேற்றும் பழக்கம் உண்டா, தற்கொலை எண்ணம் உண்டா, வாழ்க்கை எவ்வளவு சுருங்கிப்போயிருக்கிறது என்று எல்லாவற்றையும் பாருங்கள். அதில் பிஎம்ஐயும் ஒன்றாக இருக்கட்டும். உங்களால் சேர்க்க முடியாதவரை வெறும் கையோடு அனுப்பாமல், அதுவரை யார் அவருடைய ரத்தத்தையும் இதயத்தையும் கவனிப்பார்கள் என்று எழுதிக்கொடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வேண்டும். அதை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஆட்டிசம், நீரிழிவு, பழைய மனக்காயம், வீட்டு நிலைமை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கேளுங்கள். வார எடையைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, சில வாரங்களின் போக்கைச் சேர்த்துப் பாருங்கள். எடை ஏறவில்லையென்றால் முதல் வேலையாக மருத்துவர், டயட்டீஷியன், சிகிச்சையாளர், நோயாளி எல்லோரும் உட்கார்ந்து திட்டத்தில் எதை மாற்றவேண்டும் என்று பேசுங்கள். தராசை ஓர் அறைக்குள் கொண்டுபோங்கள். எண்ணைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரும் அவருடைய சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

டிஸ்சார்ஜ் தவிர்க்கவே முடியாதபோது, அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவர் யார், எந்தத் தேதியில் என்று உறுதியான பிறகே அனுப்புங்கள். முதல் வாரத்தில் உங்கள் பிரிவிலிருந்து யாராவது அவரோடு பேசவேண்டும். 'ஒத்துழைக்கவில்லை' என்று ஏற்கெனவே எழுதிக்கொடுத்த அறிக்கைகளைத் திருத்தித் தாருங்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வேறு மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்குகின்றன.

உங்கள் நர்ஸ்களுக்குப் பயிற்சியும் ஓய்வும் கொடுங்கள். நான் சொன்ன அந்த சிஸ்டர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், ஆனால் இரண்டு பேர் வேலையை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இப்படி விதி எழுதும் கூட்டம் எதிலும் நோயிலிருந்து மீண்டவர் ஒருவரும் வீட்டார் ஒருவரும் ஓட்டுரிமையோடு உட்கார இடம் வேண்டும். எங்கள் குழுவிலிருந்து வரத் தயாராக இருக்கிறார்கள்.

இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அதற்கு முன்னால், இந்த வாரமே செய்யவேண்டியது ஒன்று உண்டு. இந்த விதிகளின் பேரில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள், டிஸ்சார்ஜ் ஆனவர்கள் எல்லோருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள், மறுபடி வந்து பார்க்க ஒரு தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் சிகிச்சை பெற்ற ஒருத்தி